தலையில் அடிபட்டவருக்குக் காய்ச்சல் விடவில்லை, கல்ச்சர் எல்லாம் நெகட்டிவ்: கிருமி இல்லாமல் காய்ச்சல் வருமா?

கேள்வி இது: கப்பலூர் பக்கம் பைக்கில் விழுந்த மாமாவுக்கு (52 வயது) மூளையில் ரத்தக்கசிவு. மதுரையில் ஐசியுவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். இரண்டாம் நாளிலிருந்து 102, 103 என்று காய்ச்சல். டாக்டர்கள் “அடிபட்டதால் மூளையிலிருந்தே வருகிற காய்ச்சல்” என்று சொல்லி ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டார்கள். கைவிட்டுவிட்டார்களா?

இல்லை. கிருமி இல்லாமலும் காய்ச்சல் வரும். தலைக்காயத்திலும், மூளைக்குள் ரத்தம் கசிந்தவர்களிடமும் இது அடிக்கடி பார்க்கிற விஷயம்தான். கொசுக்கடியால் வரும் மூளைக்காய்ச்சலோடு இதற்குச் சம்பந்தம் இல்லை, ஒட்டவும் ஒட்டாது. உடம்புச் சூட்டை அளவாக வைத்திருப்பது மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸ். அடி, வீக்கம், அல்லது மூளையின் நீரறைகளுக்குள் இறங்கிய ரத்தம் அதை உறுத்தினால் சூட்டின் அளவு மேலே ஏறிவிடும். கிருமிக் காய்ச்சலில் உடம்பில் சுரக்கும் ஒரு ரசாயனத்தைத் தடுத்துத்தான் பாராசிட்டமால் வேலை செய்கிறது. கட்டுப்பாட்டு இடமே அடிபட்டிருக்கும்போது அந்த மாத்திரை பல சமயம் எதிர்பார்த்த அளவு கேட்காது.

ஆனால் இந்த முடிவை நேரடியாகக் காட்டித்தர ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில் மிஞ்சுவதுதான் இது. அதனால் “ஏன் நிறுத்தினீர்கள்” என்று கேட்பதைவிட “எதையெல்லாம் பார்த்துவிட்டீர்கள்” என்று கேளுங்கள். இரண்டு இடத்தில் குத்தி எடுத்த ரத்தக் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை), தொண்டைக்குழாய் சளி, சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே ஆகியவை அடிப்படை. கல்ச்சர் எடுத்தது ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்பா பின்பா என்பதும் முக்கியம். பின்பு எடுத்திருந்தால் நெகட்டிவ் என்ற பதிலை அப்படியே நம்ப முடியாது. வென்டிலேட்டரால் வரும் நிமோனியா பொதுவாக 48 மணி நேரத்துக்குப் பிறகுதான் வரும். ஆனால் விழுந்த இடத்திலேயே வாந்தி நுரையீரலுக்குள் போயிருந்தால் அதற்கு முன்பே காய்ச்சல் தொடங்கிவிடும். மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்து மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிந்தால் மூளை உறையில் தொற்று வரலாம். அந்த நீர் வடிந்ததை யாராவது கவனித்திருந்தால் உடனே சொல்லுங்கள்.

தொற்றே இல்லாத காரணங்களும் உண்டு, அவசரத்தில் தப்பிப்போவது இவைதான். காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தாலே காய்ச்சல் வரும், ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) எடுக்கவேண்டும். வலிப்பு வராமலிருக்கக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் சிலருக்குக் காய்ச்சலும் தோல் தடிப்பும் தரும், பெரும்பாலும் ஓரிரு வாரம் கழித்து. ஊசி போட்ட கையில் ரத்தக்குழாய் சிவந்து கயிறு மாதிரி தடித்திருந்தால் அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, வீட்டார் வாயே திறக்காத விஷயம். மாமா தினமும் குடிக்கிறவரா? திடீரென்று நிறுத்தியதால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல், நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் வரும். அதற்கு வைத்தியமே வேறு. மரியாதை போய்விடும் என்று மறைத்தால் டாக்டர்கள் தப்பான திசையில் தேடிக்கொண்டிருப்பார்கள். விபத்துக்கு முன்பே காய்ச்சல் இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். டெங்குவும் உண்ணிக் காய்ச்சலும் நம் பக்கம் புதிதல்ல. உண்ணிக் காய்ச்சலில் அக்குள், தொடையிடுக்கு மாதிரி இடங்களில் சிகரெட் சுட்டது போலக் கறுத்த புண் இருக்கலாம்.

இவை எல்லாம் தள்ளுபடியான பிறகு, மூளையிலிருந்தே வருகிற காய்ச்சல்தான் என்பதற்குப் பலம் சேர்ப்பவை சில: அடிபட்ட முதல் மூன்று நாளுக்குள் தொடங்கியது, காலை மாலை ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே மட்டத்தில் நிற்பது, பிராகால்சிட்டோனின் (கிருமித் தொற்றில் ரத்தத்தில் ஏறும் பொருள்) குறைவாக இருப்பது. சிஆர்பி (உடம்பின் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அடிபட்டாலே ஏறும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அப்படியிருக்கும்போது ஆன்டிபயாடிக்கை நிறுத்துவது சரியான வைத்தியம். சும்மா ஓட்டினால் வயிற்றுப்போக்கும், மருந்துக்கு அடங்காத கிருமியும்தான் மிச்சம்.

காரணம் எதுவானாலும் காய்ச்சலை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடம்பின் ஆக்சிஜன் தேவை சுமார் 10 சதவீதம் கூடும். மூளைக்குள் ரத்த ஓட்டமும் அழுத்தமும் ஏறும், வீங்கிய மூளைக்கு அது ஆகாது. பொதுவாக 99.5 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகாமல் வைக்கப் பார்ப்பார்கள். பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 1 கிராம், 6 மணிக்கொரு தடவை, ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் இல்லை. எடை குறைந்தவர், ஈரல் கோளாறு உள்ளவர், குடிப்பழக்கம் உள்ளவர் என்றால் இன்னும் குறைப்பார்கள். மீதி வேலை குளிர்விப்பதில்தான் இருக்கிறது: குளிர்நீர் ஓடும் விரிப்பு, கழுத்து அக்குள் தொடையிடுக்கில் துணி சுற்றிய ஐஸ் பை.

இதில் கெடுவது எங்கே என்றால், நடுக்கம். வேகமாகக் குளிர்வித்தால் தோல் சில்லிட்டதும் உடம்பு நடுங்கி, குறைத்த சூட்டைவிட அதிகமாக உற்பத்தி செய்துவிடும். முதலில் தாடை துடிக்கும், நெஞ்சில் கை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரியும். அப்படித் தெரிந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள். ஒரு பக்கம் உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே கையையும் காலையும் கதகதப்பாகச் சுற்றி வைப்பார்கள். பார்க்க விநோதமாக இருக்கும், ஆனால் நடுக்கத்தை அடக்க அது உதவும். அது போதாவிட்டால் மெக்னீசியம், மயக்க மருந்து. நீங்களாகக் கடையில் ஐஸ் வாங்கிவந்து உடம்பெல்லாம் தேய்க்காதீர்கள். இளநீர் சூட்டைத் தணிக்கும் என்று ரைல்ஸ் டியூபில் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) ஊற்றச் சொல்வதும் வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. மூளை அடிபட்டவருக்குச் சோடியம் இறங்கினால் வீக்கம் கூடும்.

காய்ச்சலோடு நாடி 120, பி.பி. 160, மூச்சு 30 என்று எகிறி, கொட்டுகிற வியர்வையும் கைகால் விறைப்பும் அலை அலையாக வந்து போகிறதா? சளி உறிஞ்சும்போதும் திருப்பிப் படுக்க வைக்கும்போதும் கூடுகிறதா? அப்படியென்றால் அது நாடியையும் பி.பி.யையும் ஏற்றும் பரிவு நரம்பு மண்டலம் கட்டுமீறுவது. புரோப்ரனலால், காபாபென்டின், புரோமோகிரிப்டின் போன்றவை அதற்குத்தான். ஆஸ்துமா இருந்தால் புரோப்ரனலால் ஆகாது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறுநீர் வாளி வாளியாகப் போய்ச் சோடியம் ஏறினால் அது வேறு கதை, நீரிழப்பாலும் சூடு ஏறும்.

மூளையிலிருந்தே வருகிற காய்ச்சல் என்று ஒருமுறை பெயர் வைத்துவிட்டதற்காகத் தேடலை மூடிவிடக் கூடாது. அடங்கியிருந்த காய்ச்சல் திடீரென்று ஏறினாலோ, சளி மஞ்சளாகிக் கெட்டியானாலோ, பி.பி. இறங்கினாலோ, நினைவு இன்னும் மங்கினாலோ மறுபடி முதலிலிருந்து கல்ச்சர்.

டிரக்கியாஸ்டமியோடு (கழுத்தில் துளையிட்டு வைத்த மூச்சுக்குழாய்) வீட்டுக்கு அனுப்பினால், சித்திரை வைகாசியில் ஓட்டு வீட்டிலும் தகர ஷெட்டிலும் படுக்க வைக்காதீர்கள். வெளியே 40 டிகிரி வெயில் என்றால் சூட்டைச் சமாளிக்க முடியாத உடம்பு தானாகவே ஏறிவிடும். குழாய்த் தண்ணீரில் நனைத்த துணி, மெதுவான ஃபேன் போதும். டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துக் கையை ஒட்டிப் பிடியுங்கள். அக்குளில் காட்டுவது உள்சூட்டைவிடச் சுமார் ஒன்று முதல் இரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாக இருக்கும். காலை, மதியம், இரவு என்று நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள்.