முன்னாள் படைவீரர்களுக்கென்று தானமாகக் கொடுத்த நிலம் வேறு கைக்குப் போகாமல் காப்பாற்ற முடியுமா?

முடியும். ஆனால் பத்திரத்தில் நல்ல எண்ணத்தை மட்டும் எழுதி வைத்தால் போதாது. மீறினால் யார் நீதிமன்றம் போகலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். உங்கள் குடும்பத்தில் யாரோ அப்படி நிலம் கொடுத்து, இப்போது அதன்மேல் யாரோ கண் வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் வக்கீல் இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் வசிக்கிறேன், என் கணவர் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். இங்கே கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

நகரின் மேற்கில், வில்ஷயர் சாலையின் இரு பக்கமும் ஏறக்குறைய 388 ஏக்கர் இருக்கிறது. ஊனமுற்ற படைவீரர்களுக்கு இல்லம் கட்டி அதை நிரந்தரமாக நடத்த வேண்டும் என்று சொல்லி, செனட்டர் ஜான் ஜோன்ஸும் அர்காடியா பண்டினி டி பேக்கர் என்ற அம்மையாரும் 1888இல் அமெரிக்க அரசுக்குக் கொடுத்த நிலமும் அதில் அடக்கம். பல பத்தாண்டுகள் ஆயிரக்கணக்கான வீரர்கள் அங்கே குடியிருந்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குடியிருப்பை ஒழித்துவிட்டு, குத்தகை விட ஆரம்பித்தார்கள். தனியார் பள்ளிக்கு விளையாட்டுத் திடல், பல்கலைக்கழகத்துக்கு பேஸ்பால் அரங்கம், எண்ணெய்க் கிணறு, ஓட்டல் துணி வெளுக்கும் சலவை ஆலைகூட.

2021இல் கணவரை அங்குள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போவேன். சான் விசென்டே சாலை நடைபாதையில், வேலியை ஒட்டி வரிசையாகக் கூடாரங்கள். ஒவ்வொன்றின் மேலும் பெரிய அமெரிக்கக் கொடி. எல்லோரும் வீடில்லாத முன்னாள் வீரர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒழுங்காக வெட்டிவிட்ட புல்வெளி, ஆள் நடமாட்டமே இல்லை. வியட்நாம் போருக்குப் போன ஒரு பெரியவர், 1888 பத்திரத்தின் நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்துபோயிருந்தது. என் கணவர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து எந்தப் படைப்பிரிவு என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லிவிட்டு, “எனக்கு மருந்து உள்ளே, படுக்கை வெளியே” என்றார் அவர். வீடு வரும்வரை கணவர் வாயே திறக்கவில்லை.

அந்தப் பள்ளிப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அமெரிக்கா போட்ட போர்கள் சரியா என்று கிளம்பாதீர்கள், அது வேறு விவாதம். ஒருவருக்கென்று கொடுத்த நிலம் அவருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் நான் சொல்வது.

2011இல் வீடில்லாத முன்னாள் வீரர்கள் சிலர் அரசுமேல் வழக்குப் போட்டார்கள். நிலம் கொடுத்த குடும்பத்தின் வாரிசு ஒருவரும் அதில் சேர்ந்தார். அறக்கட்டளைக் கடமை, அதாவது கொடுத்த நோக்கத்துக்கே நிலத்தைக் காக்கும் பொறுப்பு, என்று சொல்லி அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அந்த வாதத்தை நீதிபதி முதலிலேயே தள்ளிவிட்டார். ஆனாலும் 2013இல் குத்தகைகள் சட்டப்படி செல்லாது என்றார். 2015இல் சமரசம் ஆனது. அடுத்த ஆண்டுத் திட்டத்தில் 1,200 வீடுகள் என்று போட்டார்கள், வேலை நத்தை வேகத்தில் நடந்தது. 2016இல் குத்தகைகளைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமும் வந்தது. 2022இல் வீரர்கள் மறுபடி வழக்குப் போனபோது அந்தச் சட்டம்தான் கைகொடுத்தது. அரசுக்கு இங்கே அறங்காவலர் கடமை உண்டு என்று நீதிபதி டேவிட் கார்ட்டர் 2024இல் தீர்ப்பளித்து, பள்ளி, அரங்கக் குத்தகைகளை ரத்து செய்து, 1,800 நிரந்தர வீடுகள் கட்டச் சொன்னார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். தமிழ் போன்ற சில மொழிகள் தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் திட்டத்தில்தான் என் கணவர் ராணுவத்துக்குப் போனார். “குடியுரிமைக்காகத்தானே போனார்?” என்று நம்மவர்களே முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார்கள். முதுகுவலியில் தூங்காமல் அவர் விடியும்வரை நடப்பதைப் பார்த்த எனக்கு, அந்தக் கேள்வி இன்றும் சுடுகிறது.

சரி, உங்கள் விஷயம். பத்திரத்தின் சான்றளித்த நகலை உடனே வாங்குங்கள். என்ன நோக்கம், தவறினால் நிலம் யாருக்குத் திரும்பும் என்று அதில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே, வாங்கியவர்களையும் உட்காரவைத்துத் திருத்தப் பத்திரம் போட முடியுமா என்று நல்ல வக்கீலிடம் கேளுங்கள். முதல் குத்தகைப் பேச்சு காதில் விழுந்த அன்றே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். கட்டடம் எழும்பிவிட்டால் “இவ்வளவு செலவு பண்ணிட்டாங்களே” என்ற பேச்சுதான் முன்னே வந்து நிற்கும்.