முழங்காலுக்குத் தானக் குருத்தெலும்பு: தடை எங்கே இருக்கிறது?

கேள்வி: வயது 34. வாலிபால் ஆடும்போது விழுந்ததில் முழங்கால் குருத்தெலும்பு பெயர்ந்து, தொடை எலும்பின் நுனியில் 4 சதுர செ.மீ. பள்ளம் இருப்பதாக எம்.ஆர்.ஐ.யில் வந்திருக்கிறது. இறந்தவரின் குருத்தெலும்பைப் பொருத்தலாமாம். ஆனால் இங்கே கிடைப்பது கஷ்டம் என்கிறார் டாக்டர். தம்பிக்கும் எனக்கும் ஒரே ரத்த வகை. அவன் தரத் தயார். முடியுமா?

பதில்: தம்பிக்குப் பெரிய மனசு. ஆனால் முடியாது. குருத்தெலும்பைத் தனியாக உரித்தெடுக்க வராது; அடியிலுள்ள எலும்போடு சேர்த்துத்தான் வெட்டியெடுக்க வேண்டும். உங்கள் பள்ளம் நிறையும் அளவுக்கு எடுத்தால் அவர் முழங்கால் கெட்டுவிடும்.

ரத்த வகையும் இதில் தடையில்லை. குருத்தெலும்பில் ரத்தக் குழாய்களே கிடையாது. அதன் செல்கள் கெட்டியான கூழுக்குள் புதைந்திருப்பதால் உடலின் எதிர்ப்பு அணுக்கள் அவற்றை எளிதில் எட்டாது. சிறுநீரகம் மாற்றியவர்களைப் போல ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டியதில்லை.

பெரிய தடை நேரம்தான். பொருத்தும்போது செல்கள் உயிரோடு இருக்க வேண்டும். எடுத்த திசுவை ஊட்டக் கரைசலில் போட்டுச் சுமார் 4 டிகிரி குளிரில் வைப்பார்கள். தொற்று இல்லை என்று உறுதிசெய்யவே ஏறத்தாழ 2 வாரம் போய்விடும். 28 நாள் தாண்டினால் செல்கள் கணிசமாகச் செத்திருக்கும். மிச்சமிருக்கும் இடைவெளியில் உங்கள் எலும்பின் அளவுக்கும் வளைவுக்கும் ஒத்துவரும் முழங்கால் அமைய வேண்டும். அமெரிக்காவிலேயே இதற்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. நம் நாட்டு எலும்பு வங்கிகளில் பெரும்பாலும் உறையவைத்த, காமா கதிர் பாய்ச்சிய எலும்புதான் இருக்கும். கட்டியை அகற்றிய இடத்தை நிரப்ப அது அருமையானது. உங்களுக்கு உதவாது, செல்கள் செத்திருக்கும்.

சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011 திருத்தம் திசுக்களையும் சேர்த்துவிட்டது. ஆனால் கண்ணைத் தரச் சம்மதிக்கும் குடும்பம்கூட, காலைத் தொட்டால் உடல் அலங்கோலமாகிவிடுமோ என்று தயங்குகிறது. எடுத்த இடத்தில் மாற்று வைத்து, வடிவம் மாறாமல் தைத்துத்தான் கொடுப்பார்கள். இதை அந்த நேரத்தில் பக்குவமாகச் சொல்ல ஆள் வேண்டும்.

சரி, உங்களுக்கு என்ன வழி? உங்கள் குருத்தெலும்புச் செல்களையே கொஞ்சம் எடுத்து, ஆய்வகத்தில் சில வாரம் வளர்த்து, மறுபடி வைக்கும் சிகிச்சை இங்கேயே கிடைக்கிறது. பொதுவாக இரண்டு அறுவை சிகிச்சை, செலவும் அதிகம். எலும்பில் துளை போட்டு விடும் மைக்ரோஃபிராக்சர் 2 சதுர செ.மீ.க்குள் இருக்கும் பள்ளத்துக்குத்தான் சரிப்படும். மலிவு என்பதற்காக அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

எதைச் செய்வதற்கு முன்பும், நிற்கவைத்து இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். கால் வளைந்து, பாரம் முழுக்க அந்தப் பள்ளத்தின் மேலேயே இறங்கினால், எதை வைத்தாலும் தேய்ந்துவிடும். முதலில் வளைவை நிமிர்த்த வேண்டும். அப்புறம், யாராவது ‘தானக் குருத்தெலும்பு இருக்கிறது’ என்றால், எடுத்த தேதியையும், உறையவைத்ததா என்பதையும் கேளுங்கள். இரண்டுக்கும் நேரான பதில் வராத இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.