சிரித்தவர் விற்றாரா, சிரிக்காதவர் விற்றாரா?

எந்த மாதிரி ஆளிடம் நீங்கள் ஏமாறுவீர்கள் என்று சென்ற முறை கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, விற்றவரின் முகவெட்டையும் சிரிப்பையும் பக்கம் பக்கமாக வர்ணிக்கின்றன. வாங்கிய பொருள் என்ன என்பது கடைசி வரியில்தான் வருகிறது. ஆகவே நிறைய வெட்டியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வளவளவென்று பேசுகிற சேல்ஸ்மேனைக் கண்டாலே நழுவிவிடுவேன். ஆனால் போன மாதம் அதிகம் பேசாத ஒருவரிடம், சுவரையே அடைக்கிற டிவியும் அதற்குக் கூடுதல் வாரண்டியும் வாங்கிவந்துவிட்டேன். அவர் வற்புறுத்தவே இல்லை. எப்படி நடந்தது?
– நழுவத் தெரிந்தவர்

பதில்: வாயாடிதான் ஆபத்தான ஆள் என்று முடிவுகட்டிவிட்டு, மற்றவர்கள் முன்னால் அசட்டையாக நின்றிருக்கிறீர்கள். அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஆடம் கிராண்ட் 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தொலைபேசி வழியாக விற்கும் 340 பேரின் சுபாவத்தையும், அவர்கள் கொண்டுவந்த வருமானத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு. அதிகம் விற்றவர்கள் கலகலப்புக்காரர்களும் அல்ல, கூச்சக்காரர்களும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்கள். அவர்களுக்குப் பேசவும் தெரிகிறது, வாயை மூடிக்கொண்டு எதிராளி சொல்வதைக் கேட்கவும் தெரிகிறது.

உங்கள் ஆள் எங்கோ ஓர் இடத்தில் ‘உங்க விருப்பம் சார், கட்டாயமில்லை’ என்று சொல்லியிருப்பார். யோசித்துப் பாருங்கள். 2000-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், தெருவில் போகிறவர்களிடம் பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டுப் பார்த்தார்கள். வெறுமனே கேட்டபோது நூற்றுக்குப் பத்துப் பேர் கொடுத்தார்கள். ‘கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம்’ என்று சேர்த்துச் சொன்னபோது, கிட்டத்தட்ட பாதிப் பேர் கொடுத்தார்கள். என் வீட்டில் நிற்கும் முதுகுவலி நாற்காலியும் இப்படி வந்ததுதான். ‘விலை கூடத்தான் சார், வேண்டாம்னா பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டு, அந்த மனிதர் அந்தப் பக்கம் திரும்பி ஒரு மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். நானே கூப்பிட்டு பில் போடச் சொன்னேன். நாற்காலிக்கு வயதாகிவிட்டது, முதுகுவலி அப்படியே இருக்கிறது.

டிவியோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள். கூடுதல் வாரண்டியை மட்டும் ரத்து செய்ய வழியிருக்கிறதா என்று அதன் நிபந்தனைகளை இன்றே எடுத்துப் படியுங்கள்.

கேள்வி: யாரிடமும் ‘வேண்டாம்’ என்று சொல்ல வராத சுபாவம் எனக்கு. என்ன செய்ய?
– தலையாட்டி

பதில்: ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லுங்கள். விற்பவர் மட்டும் ‘மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்று உள்ளே போவதில்லையா?

கேள்வி: தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் விற்க ஒருவர் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் அட்டை, நிதானமான பேச்சு, ஆய்வுக்கூடத்துக்காரர் மாதிரி இருந்தார். எங்கள் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளை இறக்கி ஸ்விட்சைப் போட்டார். ஒரே நிமிடத்தில் தண்ணீர் பழுப்பாகி, அழுக்கு திட்டுத் திட்டாக மிதந்தது. அவருடைய மெஷின் தண்ணீரில் அதே கம்பிகளை இறக்கினார்; ஒன்றுமே ஆகவில்லை. குழந்தைகள் பக்கத்திலேயே நின்று பார்த்தார்கள். பயந்துபோய் முன்பணம் கொடுத்துவிட்டேன். இப்போது கணவர் சிரிக்கிறார்.
– இரண்டு பிள்ளைகளின் அம்மா

பதில்: முதலில் அவரைச் சிரிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த இடத்தில் அவர் இருந்திருந்தால், முன்பணம் என்ன, முழுப் பணத்தையும் கொடுத்திருப்பார்.

நீங்கள் பார்த்த அழுக்கு உங்கள் தண்ணீரில் இருந்ததல்ல அம்மா, கம்பியில் இருந்து வந்தது. அந்தக் கம்பிகளில் இரும்பு இருக்கும். குழாய்த் தண்ணீரில் இயல்பாகக் கரைந்திருக்கும் உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் பாய்ந்தால் இரும்பு அரித்துத் துருவாக மிதக்கும். அவருடைய மெஷின் அந்த உப்புகளைப் பெரும்பாலும் எடுத்துவிடுகிறது. அதனால் அந்தத் தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை, கம்பி அரிப்பதில்லை, தண்ணீரும் தெளிவாகவே நிற்கிறது. இனி யாராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால், அவருடைய ‘சுத்தமான’ தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டுக் கம்பியை இறக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். கிருமி இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா என்பதையெல்லாம் இந்த வித்தை காட்டவே காட்டாது. மெஷின் நல்லதாகவே இருக்கலாம். அதற்கு இது சாட்சி ஆகாது. தண்ணீர் மேல் சந்தேகம் இருந்தால் முறையான பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள்.

எல்லா ரகத்திலும் எனக்கு அதிகக் கோபம் இந்த நிபுணர் ரகத்தின் மேல்தான். பொய் என்று பிடிப்பதற்கு அவர் எதையும் வாயால் சொல்வதில்லை. பெற்றவள் கண்ணெதிரே தண்ணீர் கலங்குகிறது, மிச்சத்தை அவள் மனமே சொல்லிக்கொள்கிறது. ரத்து செய்வதாக இன்றே எழுத்தில் அனுப்புங்கள், போனில் சொன்னால் போதாது. வீடு தேடி வந்து விற்றதைச் சில நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யும் உரிமை பல நாடுகளில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது 14 நாட்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் எத்தனை என்று நுகர்வோர் அமைப்பில் கேட்டுவிட்டு, அதற்குள் செய்யுங்கள்.

கேள்வி: ‘இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை’ என்கிறார். நம்பலாமா?
– அவசரக்காரன்

பதில்: நாளைக்குப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: எதிராளியின் ஆளுமை வகையைக் கண்டுபிடித்து அவரை வழிக்குக் கொண்டுவரும் கலையைக் கற்றுத்தருவதாக ஒரு பயிற்சியில் சேர்ந்தேன். நல்ல கட்டணம். முதலில் எனக்கே டெஸ்ட் வைத்தார்கள். முடிவு அப்படியே என்னைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது! அடுத்த கட்டத்துக்கும் பணம் கட்டலாமா?
– நான்கெழுத்துக்காரி

பதில்: கட்டாதீர்கள். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு ஆளுக்கொரு முடிவைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. அத்தனை பேருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகளில் பெரும்பகுதி கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. ‘சில நேரம் கலகலப்பாக இருப்பீர்கள், சில நேரம் ஒதுங்கியிருப்பீர்கள்’ என்றால் யாருக்குத்தான் பொருந்தாது?

உங்கள் புனைபெயரைப் பார்த்தால், முடிவாக INFP, ESTJ என்கிற மாதிரி நான்கு ஆங்கில எழுத்துகள் கிடைத்திருக்கும். ஒவ்வொரு எழுத்தும் ஒரு குணத்தைக் குறிக்கும்; மொத்தம் 16 வகைகளில் அது ஒன்று. சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் எழுதியதை வைத்து கேத்தரின் பிரிக்ஸ், அவர் மகள் இசபெல் மையர்ஸ் இருவரும் உண்டாக்கிய பாகுபாடு. இருவருமே உளவியலில் முறைப்படி பயிற்சி பெற்றவர்கள் அல்ல. அது மட்டுமே குற்றமாகாதுதான். ஆனால் ஒன்று இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் என்று கோடு கிழிப்பதுதான் கோளாறு. பெரும்பாலோர் நிற்பது நடுவில். அதனால் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் நிறையப் பேருக்கு வேறு எழுத்து வருகிறது. வேலைக்கு ஆள் எடுக்க இந்தத் தேர்வைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை வெளியிடுகிறவர்களே சொல்கிறார்கள். இன்னொரு பயிற்சியில் நான்கு நிறம், நான்கு குணம் என்று வட்டம் போட்டுக் காட்டுவார்கள். அதற்கு அடிப்படை, அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் 1928-இல் எழுதியது. பின்னாளில் ‘வொண்டர் உமன்’ என்ற படக்கதை நாயகியை உருவாக்கியவரும் அவரேதான். இரண்டில் எனக்கு நாயகியை அதிகம் பிடிக்கும்.

சுபாவம் பார்த்துப் பேசினால் எடுபடாதா என்றால், எடுபடும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், ஃபேஸ்புக்கில் 35 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு விளம்பரம் காட்டினார்கள். கலகலப்பானவர்களுக்கு ஆட்டம் பாட்டமாக ஒரு அழகுசாதன விளம்பரம், ஒதுங்கியிருப்பவர்களுக்கு அமைதியாக இன்னொன்று. சுபாவத்துக்குப் பொருந்திய விளம்பரம், பொருந்தாததைவிட 50 சதவீதம் வரை அதிகம் விற்றது. யார் எந்த ரகம் என்று கண்டுபிடிக்க அவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எதற்கெல்லாம் ‘லைக்’ போட்டிருந்தார்கள் என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்திருப்பவரின் கைகட்டலையும் கண்ணையும் பார்த்து ரகம் பிரிக்கச் சொல்லித்தருகிற உங்கள் ஆசிரியருக்கு அந்த வசதி கிடையாது. ‘அடுத்த கட்டத்தில்தான் உண்மையான ரகசியம்’ என்று உங்களிடம் சொல்லியிருப்பாரே? அவருடைய கலையில் வேலை செய்வது அந்த ஒரு வரிதான்.

கேள்வி: மூன்றாவது தடவை எழுதுகிறேன். உடற்பயிற்சிக் கூடத்தில் மூன்று வருட உறுப்பினர் திட்டம். சேர்த்துவிட்டவர் ரொம்ப நல்ல மாதிரி, அதனால் ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை. இப்போது பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள்.
– நியாயம் கேட்பவன்

பதில்: மூன்றாவது தடவை பதில் சொல்கிறேன்: ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது? இப்போதும் நீங்கள் அனுப்பியிருப்பது அந்த நல்ல மாதிரியோடு எடுத்துக்கொண்ட புகைப்படத்தை.

கேள்வி: என் சித்தி மகன் ஒரு ‘வியாபார வாய்ப்பு’ என்று அழைத்தான். முதலில் ஒரு கூட்டம், சும்மா வந்து கேள் என்றான். பிறகு ஒரு படிவம். பிறகு ஒரு சின்னத் தொகை. கடைசியில் சேமிப்பு முழுவதும் போய்விட்டது. எனக்குக் கீழே ஆள் சேர்த்தால் பணம் திரும்ப வரும் என்கிறார்கள். படித்தவள்தானே நீ என்று வீட்டில் எல்லோரும் ஏசுகிறார்கள்.
– தூக்கமில்லாதவள்

பதில்: ஏசுகிறவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். 1966-இல் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இரு ஆய்வாளர்கள், வீட்டு வாசலை மறைக்கிற அளவுக்குப் பெரிய, அவலட்சணமான ‘கவனமாக ஓட்டுங்கள்’ பலகையை வைக்க அனுமதி கேட்டுப் பார்த்தார்கள். நேரடியாகக் கேட்டபோது சம்மதித்தவர்கள் 17 சதவீதம். இரண்டு வாரம் முன்னால் அதே விஷயமாக மூன்றங்குலச் சின்ன அட்டை ஒன்றை வைக்கச் சம்மதித்திருந்தவர்களிடம் கேட்டபோது 76 சதவீதம். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சும்மா வந்து கேட்கச் சொன்னதுதான் உங்கள் மூன்றங்குல அட்டை.

சித்தி மகன் வேண்டுமென்றே ஏமாற்றியிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. அவனே நம்பியிருப்பான். மனதார நம்பி விற்கிறவனின் முகத்தில் பொய் தேடினால் கிடைக்காது. நான் பார்த்ததில் தப்பிக்கக் கடினமான ரகம் அதுதான்.

தயவுசெய்து உங்களுக்குக் கீழே ஒருவரையும் சேர்க்காதீர்கள். சேர்த்த கணத்தில் நீங்கள் அவர்கள் பக்கம் போய்விடுவீர்கள், சட்டத்தின் கண்ணிலும்தான். ரசீது, வங்கிக் கணக்கு விவரம், போனில் வந்த செய்திகள் எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு போலீஸில் புகார் கொடுங்கள். வங்கிக்கும் தகவல் சொல்லுங்கள். இன்னொன்று: ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் ஒரு கட்டணம் கட்டுங்கள்’ என்று யாராவது அழைப்பார்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறிக்கொண்டே இருக்கும். எடுத்துப் பேசாதீர்கள்.

கேள்வி: நானே ஒரு சேல்ஸ்மேன். கூச்ச சுபாவம், பொய் வராது. எங்கள் எல்லோரையும் ஒரே தராசில் போடுகிறீர்களே, நியாயமா?
– கடைக்குள் நிற்பவன்

பதில்: நியாயமில்லைதான். கடையில் எந்தப் பொருளுக்கு உங்களுக்குக் கமிஷன் அதிகம் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். பெயர் போட மாட்டேன்.