பொட்டலில் என்ன மரம் நடலாம்?

வணக்கம் சார். வடுவூர் ஏரி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் பைனாகுலர் வாங்கினேன். வல்லம் பக்கம் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். எதிரே பத்துப் பதினைந்து ஏக்கர் பொட்டல். ஒரு மாதமாகப் பார்க்கிறேன், காக்கையும் மைனாவும்தான். ஆடியில் எங்கள் நகர்க்காரர்கள் சேர்ந்து அங்கே கன்று நடப்போகிறோம். பறவை வர என்ன மரம் நடலாம்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

வணக்கம் அம்மா,

நடவேண்டாம் என்று சொல்லப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தெருவோரம் புங்கன் வையுங்கள், வேம்பு வையுங்கள். அந்தப் பொட்டலை மட்டும் விட்டுவிடுங்கள்.

டெல்டா என்றாலே நமக்கு வண்டலும் வாய்க்காலும்தான். வல்லம் செம்புராங்கல் மேடு. அங்கே கிடைத்த படிகக் கல்லைத் தேய்த்துத்தான் ஒரு காலத்தில் தஞ்சாவூரில் மூக்குக்கண்ணாடி செய்தார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு ஒன்றும் கண்ணில் படவில்லை என்கிறீர்களே!

நீங்கள் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். தரையைப் பாருங்கள். நெட்டைக்காலி, வானம்பாடி, கௌதாரி, ஆக்காட்டி எல்லாம் மண்ணில் முட்டையிடுகிறவை. நடுவில் மரம் வந்தால் காக்கைக்குத்தான் கொண்டாட்டம், மேலே உட்கார்ந்து முட்டையைத் தேடலாம்.

போன சித்திரையில் இப்படி ஒரு பொட்டலில் மஞ்சள்மூக்கு ஆக்காட்டியின் முட்டைகளை மிதிக்கப் பார்த்தேன். கூடு என்று எதுவும் கிடையாது. கை அகலத்துக்கு ஒரு சின்னப் பள்ளம், சுற்றிக் கொஞ்சம் கூழாங்கல், ஆட்டுப் புழுக்கை. நான்கு முட்டைகள், கூர்முனை நான்கும் உள்பக்கம் பார்த்தபடி. நிறம் அப்படியே செம்மண் சரளை. படம் எடுக்கும் ஆசையில் வெயிலில் நின்றுகொண்டே இருந்தேன். தள்ளி ஓடி ஓடிக் கத்திய தாய் சட்டென்று காணாமல் போய்விட்டது. நான் விலகி வெகுநேரம் கழித்துத் திரும்பியபோது வயிற்று இறகு நனைந்து ஒட்டிக் கிடந்தது. எங்கோ குட்டையில் தோய்ந்துவிட்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்தது, சூடு தணிக்க. நான் நின்ற நேரமெல்லாம் அந்த முட்டைகள் வெந்திருக்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை.

ஆடியிலும் சில குஞ்சுகள் ஓடிக்கொண்டிருக்கலாம். அப்போதுதான் நீங்கள் குழி வெட்டப்போகிறீர்கள்.

ரெவின்யூ கணக்கில் இந்த இடங்களுக்குத் தரிசு என்று பேர், கொஞ்சம் மரியாதையாக மேய்க்கால் புறம்போக்கு. தரிசு என்று எழுதியதுமே தைலமரம் வைக்கலாம், குப்பை கொட்டலாம், மனை போடலாம் என்றாகிவிடுகிறது. ஆனால் ஆடு மேயட்டும், தடுக்காதீர்கள். புல் குட்டையாக இருந்தால்தான் ஆக்காட்டிக்கு நாலாபக்கமும் தெரியும். 1967-இல் சரணாலயமான கோடியக்கரையில் வெளிமான்கள் மேயும் புல்வெளிக்குள் சீமைக்கருவேலம் புகுந்துவிட, அதைப் பிடுங்குவதே அங்கே பெரிய வேலையாகிவிட்டது.

ஐப்பசிக்குமேல் அந்திநேரம் போய்ப் பாருங்கள். மத்திய ஆசியாவிலிருந்து வரும் பூனைப்பருந்து புல்லை உரசுகிற மாதிரித் தாழப் பறக்கும். இரவில் படுப்பதும் தரையில்தான். அதற்கும் மரம் வேண்டாம்.

கன்றுக்கு வசூலித்த பணத்தில் அங்கே கிடக்கும் பாலித்தீனை அள்ளச் சொல்லுங்கள். நாளைக் காலை ஆறு மணிக்குப் போய் ஓரமாக உட்காருங்கள். ஆடு மேய்க்கிறவர் வந்தால் முட்டை எங்கே என்று அவரைக் கேளுங்கள், தெரிந்திருக்கும். நாய் இருந்தால் வீட்டிலேயே கட்டிவிட்டுப் போங்கள்.