நீர்ச்சறுக்கில் ஆகச் சிறந்தவர் யார்?

‘நீர்ச்சறுக்கு விளையாட்டில் உங்கள் பார்வையில் ஆகச் சிறந்தவர் யார், ஏன்?’ என்பது கேள்வி.

லிஸ் ஆலன். அமெரிக்காவைச் சேர்ந்த வீராங்கனை. படகு கயிற்றால் இழுக்க, காலில் மாட்டிய பலகையோடு தண்ணீர்மேல் சறுக்கும் விளையாட்டு இது. 1969இல் கோபன்ஹேகனில் நடந்த உலகப் போட்டியில் ஸ்லாலம், வித்தை, தாண்டல், இம்மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் ஒட்டுமொத்தப் பட்டம் என நான்கையும் அவர் ஒருவரே வென்றார். அரை நூற்றாண்டு கடந்த பிறகும் அது வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

இந்த விளையாட்டைப் பக்கத்திலிருந்து பார்க்காதவர்களுக்கு அதன் அருமை எளிதில் பிடிபடாது. மூன்று பிரிவுகளிலும் இழுப்பது படகுதான் என்றாலும், மூன்றும் வெவ்வேறு விளையாட்டுகள். ஸ்லாலத்தில் ஒற்றைப் பலகையில் நின்று, இருபுறமும் மாறி மாறி மிதக்கும் ஆறு மிதவைகளைச் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு முறை முடித்ததும் கயிற்றைச் சுருக்கிவிடுவார்கள். இன்றைய முன்னணி வீராங்கனைகள் 10.25 மீட்டர் கயிறு வரை போகிறார்கள். மிதவையோ படகு செல்லும் கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி இருக்கிறது. கயிறு எட்டாத தூரத்தை உடம்பைத் தண்ணீரோடு தண்ணீராகச் சாய்த்துத்தான் எட்ட வேண்டும். ஒருமுறை ஓர் ஏரியில் அந்தக் கயிற்றைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். நேராக எழுந்து நிற்பதற்கே முன்கை நரம்புகள் முறுக்கிக்கொண்டன. அந்த இழுவிசையோடு வளைந்து திரும்புவதை இப்போது பார்த்தாலும் எனக்கு மூச்சு நின்றுவிடும்.

வித்தைப் பிரிவில் அந்த வலிமை மட்டும் உதவாது. அடியில் மீன்துடுப்பு போன்ற தகடு இல்லாத சிறு பலகை, 20 நொடிகள் வீதம் இரண்டு வாய்ப்புகள். கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டுகூடச் சுழல்வார்கள். தாண்டலில் நீளமான இரண்டு பலகைகள், எதிரே ஒரு சாய்தளம். எவ்வளவு தூரம் பறந்தாலும் விழாமல் தண்ணீரில் இறங்கினால்தான் கணக்கு. ஒன்றுக்குப் பழகிய உடம்பு இன்னொன்றில் தடுமாறும். அதனால்தான் மூன்றிலும் முதலிடம் என்பதை என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை.

ஆனால் என்னை அவரிடம் இழுத்தது கோபன்ஹேகன் மட்டுமல்ல. ஒட்டுமொத்த உலகப் பட்டத்தை அவர் முதலில் வென்றது 1965இல், ஆஸ்திரேலியாவில். 1967இல் அது பிரிட்டனின் ஜீனெட் ஸ்டூவர்ட்-வுட்டிடம் போனது. 1969இல் மீட்டார். 1971, 1973 இரண்டிலும் பட்டம் வேறு கைகளுக்குப் போயிற்று. ஒலிம்பிக்கில்கூட இந்த விளையாட்டுக்கு 1972இல் ஒரு காட்சிப் போட்டிக்கான இடம்தான் கிடைத்தது. பெரும்புகழோ பெரும்பணமோ காத்திருக்கவில்லை. அப்படியிருந்தும், முதல் பட்டத்துக்குப் பத்தாண்டுகள் கழித்து, 1975இல் லண்டனுக்கு அருகே தோர்ப் பார்க்கில் மூன்றாவது முறையாக அதே பட்டத்தை வென்றார்.