அது யாருடைய போன்? – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

வைகாசியில் எனக்கு நிச்சயம் ஆனது. ஆவணியில் கல்யாணம். இரண்டு வருடம் பழகி, இரண்டு வீட்டிலும் பேசிச் சம்மதம் வாங்கியது. போன வாரம் என் பெரியம்மா மகள் ஒரு வாட்ஸாப் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். அவர் வேறொரு பெண்ணுக்கு "வீட்டுக்காகத்தான் ஒத்துக்கிட்டேன்" என்று எழுதியிருக்கிறார். "அவர் ஆபீஸ் ஃப்ரெண்ட் அவர் போன்லேந்தே எடுத்தது" என்கிறாள். இதுவரை ஐந்து பேர் இதே விஷயத்தை என்னிடம் சொல்லிவிட்டார்கள். சென்னை ஓஎம்ஆர் ரோட்டில் ஒரு பெண்ணோடு அவர் பைக்கில் போனதைப் பார்த்ததாகவும் ஒரு பேச்சு. நானும் கவனித்தேன், ராத்திரி ஒரு மணிக்கு ஆன்லைன் காட்டுகிறது. அவருடைய வாட்ஸாப்பை என் லேப்டாப்பில் இணைத்துப் பார்க்கச் சொல்கிறாள் என் தோழி. அவரிடம் கேட்காமல் உண்மையைத் தெரிந்துகொள்ள வழி உண்டா? படத்தையும் இணைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் படத்தைப் பார்ப்போம். மேலே அவர் பெயரும் போட்டோவும் இருக்கின்றன. அவர் எழுதியதாகச் சொல்லப்படும் வரிகள் இடப்பக்கம் வெள்ளைக் கட்டத்தில், அந்தப் பெண்ணின் வரிகள் வலப்பக்கம் பச்சையில். வாட்ஸாப்பில் வலப்பக்கப் பச்சை எப்போதுமே போனை வைத்திருப்பவருடையது. மேலே தெரிகிற பெயர் எதிராளியுடையது. அப்படியென்றால் இந்தப் படம் அவர் போனில் எடுத்தது அல்ல, அந்தப் பெண்ணின் போனில் எடுத்தது. "அவர் போன்லேந்தே எடுத்தது" என்ற கதை படத்தைப் பார்த்தவுடனேயே விழுந்துவிடுகிறது. செய்தி பொய் என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் படத்தோடு ஒட்டி வந்த கதையை நடுவில் யாரோ சேர்த்திருக்கிறார்கள். அது யார் என்று கேட்கலாம்.

அடுத்தது அந்தப் பெயர். அது அந்த போனில் என்ன பெயரில் சேமித்திருக்கிறார்களோ அதுதான். உங்கள் தம்பி நம்பரை நீங்கள் மாப்பிள்ளையின் பெயரில் சேமித்தால் மேலே மாப்பிள்ளை பெயர்தான் வரும். போட்டோவை ஃபேஸ்புக்கிலிருந்து எடுத்து டிபி வைத்தால் போதும். இரண்டு போன், பத்து நிமிடம், வேலை முடிந்தது. அதற்கென்றே ஆப்புகளும் கிடக்கின்றன. ஆகவே படத்தில் பார்க்கவேண்டியது நம்பர். அரட்டையில் மேலே உள்ள பெயரைத் தொட்டால் நம்பர் வரும். அந்த நம்பர் தெரியாத ஸ்கிரீன்ஷாட்டை யாருடையது என்றும் சொல்ல முடியாது.

இன்னும் சில. டிக் குறிகள் அனுப்பியவர் பக்கம் மட்டுமே, அதாவது வலப்பக்கம் மட்டுமே வரும். இடப்பக்க வரிகளில் டிக் இருந்தால் அது போலியாகச் செய்த படம். உங்கள் படத்தில் அந்தத் தவறு இல்லை. தேதிக் கட்டத்தில் 'இன்று' என்றுதான் இருக்கிறது. அது எந்த 'இன்று'? போனின் மணியும் பேட்டரியும் தெரிகிற மேல்பட்டையை வெட்டியிருக்கிறார்கள். முதல் வரிக்கு முன்னால் என்ன பேச்சு ஓடியது என்பதும் இல்லை. இது நிஜ அரட்டையாகவே இருந்தாலும் உங்களைச் சந்திப்பதற்கு முந்தைய வருடத்தது இல்லை என்று இந்தப் படம் சொல்லவில்லை.

கைப்பழக்கத்தையும் பாருங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டும்போது ஆளுக்கொரு வழக்கம் உண்டு. 'த'வுக்கு டி மட்டும் போடுகிறவர் உண்டு, டி-ஹெச் போடுகிறவர் உண்டு. 'ழ'வுக்கு இஸட்-ஹெச் போடுகிறவர் ஒருத்தர், எல்லோடு நிறுத்துகிறவர் இன்னொருத்தர். இரண்டு வருட அரட்டை உங்களிடம் இருக்கிறதே, ஒப்பிட்டுப் பாருங்கள். தெரிந்தவர்கள் இதையும் காப்பியடிக்கலாம் என்பதால் சின்னச் சாட்சியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து பேர் சொன்னார்கள் என்பதுதான் உங்களை அதிகம் அசைத்திருக்கிறது. ஒரு காகிதம் எடுத்து ஐந்து பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொருவரிடமும் மூன்றே கேள்வி: நீ பார்த்ததா, கேட்டதா? கேட்டதென்றால் யார் சொன்னது? எந்தக் கிழமை? பதில் வர வர, சொன்னவரிலிருந்து கேட்டவருக்குக் கோடு போடுங்கள். இப்படிப்பட்ட விஷயங்களில் கோடுகள் பெரும்பாலும் ஒரே பெயரில் போய் முட்டும். வாய் ஐந்து, கண் ஒன்று. அந்த ஒரு கண்ணும் நேரே கண்டதா, அதற்கும் யாரோ படம் அனுப்பினார்களா என்பது அடுத்த கேள்வி.

கேட்கும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். "ஓஎம்ஆர்ல பைக்குல பார்த்தாங்களாமே" என்று நீங்களே எடுத்துக்கொடுத்தால் "ஆமாமா, நானும் கேள்விப்பட்டேன்" என்றுதான் பதில் வரும். "நீ என்ன கேள்விப்பட்ட?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இரண்டாவது, ஏற்கெனவே உங்களிடம் சொன்ன ஐந்து பேரைத் தாண்டி யாரிடமும் கேட்காதீர்கள். புதிதாக ஒருவரிடம் கேட்டால், அவருக்கு இந்தச் செய்தியைக் கொண்டுபோன ஆறாவது வாய் நீங்கள்தான்.

ஃபார்வர்ட் குறியையும் பலர் தவறாகப் படிக்கிறார்கள். ஒற்றை அம்புக்குறி என்றால் யாரோ அனுப்பியதைத் தள்ளிவிட்டது. இரட்டை அம்பு வந்தால் குறைந்தது ஐந்து அரட்டைகளாவது கைமாறி வந்திருக்கிறது. ஆனால் படத்தை கேலரியில் சேமித்துப் புதிதாக அனுப்பினால் எந்தக் குறியும் வராது. குறி இல்லை என்பதால் உங்கள் பெரியம்மா மகள்தான் முதல் ஆள் என்று நினைக்க வேண்டாம்.

பைக் விஷயத்தில் நான்கு தகவல் கேளுங்கள்: எந்த நாள், எந்த நேரம், எந்த இடம், எவ்வளவு தூரத்திலிருந்து. ஹெல்மெட் போட்டிருந்தாரா என்றும் கேட்கலாம். போட்டிருந்தால் முகம் எப்படித் தெரிந்தது, சட்டையை வைத்தா, வண்டியை வைத்தா? ஓஎம்ஆரில் ஒரே நிற வண்டி எத்தனை போகும்! இத்தனைக்குப் பிறகும் நாளும் நேரமும் நின்றால், அந்த நாளில் அவர் எங்கிருந்தார் என்பது உங்கள் அரட்டையிலேயே இருக்கக்கூடும்.

ஆன்லைன் என்றால் அந்த நேரத்தில் ஆப் திறந்திருக்கிறது, நெட் இருக்கிறது, அவ்வளவுதான். யாரோடு என்று அது சொல்லாது. குடும்பக் குழுவில் வந்த கல்யாண வீடியோவைப் பார்த்தாலும் ஆன்லைன்தான். ராத்திரி ஒரு மணிக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்த நீங்களும் அவருக்கு ஆன்லைனில்தான் தெரிந்திருப்பீர்கள்.

லேப்டாப் யோசனையை இன்றோடு விடுங்கள். அவருக்குத் தெரியாமல் இணைத்தால் 'லிங்க்ட் டிவைசஸ்' பட்டியலில் உங்கள் லேப்டாப் அவருக்கே காட்டும். அனுமதியில்லாமல் ஒருவர் கணக்குக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66ஆம் பிரிவுவரை போகக்கூடிய விஷயம். 3 ஆண்டுவரை சிறை, 5 லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. இதைவிடப் பெரிய சிக்கல், உள்ளே போய் நீங்கள் படிக்கப்போவதும் முன்பின் தெரியாத துண்டுகளைத்தான். ஒரு ஸ்கிரீன்ஷாட்டுக்கே இந்தப் பாடு.

சங்க அகப்பாடல்களில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது. சிலருக்குள் முணுமுணுப்பாக இருக்கும்வரை அம்பல், ஊர் முழுக்க விரிந்தால் அலர். திருக்குறளில் 'அலரறிவுறுத்தல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. அங்கே ஊர் பேசுவது உண்மையைத்தான், அந்த இருவரும் காதலிப்பதைத்தான். ஊர் பேசப் பேசக் காதல் வளர்கிறது. உங்களுக்கு வந்திருப்பது வேறு ஜாதி அலர். அது நேராக உங்கள் காதுக்கென்று அனுப்பப்பட்டிருக்கிறது.

கேட்காமல் தெரிந்துகொள்ள வழி உண்டா என்றீர்கள். இல்லை. இந்த வாரமே கேளுங்கள், நேரில், அவர் வேலைக்குக் கிளம்பாத ஒரு நாளில். வாய்ஸ் நோட் வேண்டாம். படத்தை வெட்டாமல் முழுதாகக் காட்டுங்கள். "யார் அவ?" என்று தொடங்கினால் தீர்ப்பு சொல்லிவிட்டு விசாரிப்பதாக ஆகும். "இது எனக்கு வந்தது. இது என்ன?" போதும். கோபம் வரலாம், அழுகை வரலாம், இரண்டையும் சாட்சியாக எடுக்காதீர்கள். சரிபார்க்கக்கூடியது எதைச் சொல்கிறார் என்று கவனியுங்கள்: ஒரு பெயர், ஒரு வருடம், தன் போனைத் தானே திறந்து காட்டுவது. "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்பதைத் தவிர வேறெதுவும் வரவில்லையென்றால் கல்யாணத் தேதியைத் தள்ளிவைக்கும் பேச்சை எடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அதற்கு முன் பெரியம்மா மகளுக்கு ஒரு வரி அனுப்புங்கள்: "அக்கா, அந்த சாட்ல மேல பேரைத் தொட்டா நம்பர் வரும், அதை மட்டும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லு." நம்பர் வந்தால் உங்கள் போனில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். "நம்பினா நம்பு, நம்பாட்டிப் போ" என்று வந்தால் அந்தப் பதிலையும் தேதி போட்டு அதே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.