சவுண்டு அண்ணே பதில்கள்: தகிட தகிடன்னா சிங்க் பட்டன் முழிக்கும்

இந்த வாரம் வந்த கேள்வில பாதிக்கு மேல டிஜே பத்தி தான், கோயில் கொடை சீசன் முடிஞ்சு பசங்க கைல கொஞ்சம் காசு இருக்கு போல. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்குறேன்.

உச்சிப்புளியிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, மொபைல் கடையில வேலை பாக்குறேன். டிஜே எனக்கு பொழுதுபோக்கு தான், தொழிலா பண்ற ஐடியா இல்ல. 25,000 சேத்து வச்சிருக்கேன். ரெண்டு சேனல் கண்ட்ரோலர் போதுமா, இன்னும் கொஞ்சம் சேத்து நாலு சேனலா வாங்கிடவா?

ரெண்டு போதும் தம்பி. கண்ட்ரோலர்னா லேப்டாப்ல ஓடுற பாட்டக் கையால ஏத்தி எறக்கி மாத்துற பெட்டி, ஒரு பாட்டுக்கு ஒரு சேனல். நாலு சேனல் வாங்குனவங்க வீட்ல மூணாவது நாலாவது சேனல்ல தூசி தான் ஏறிக் கெடக்கு. ஆனா பணத்த எடுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க, மிக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, கடைசில மூணு எக்ஸ் போட்டு எழுதுவாங்க, முழுசா இலவசம், அத லேப்டாப்ல போட்டு கீபோர்டுலயும் மவுஸ்லயும் ஒரு மாசம் ரெண்டு பாட்ட ஒட்டிப் பாருங்க. ஒரு மாசத்துல சலிச்சுப் போச்சுன்னா 25,000 மிச்சம்.

சலிக்கலன்னா கடைக்குப் போங்க. பயனியர், நியூமார்க், ஹெர்குலிஸ் எதா இருந்தாலும் சரி, நான் மொதல்ல பாக்குறது உள்ளயே சவுண்டு கார்டு இருக்கா, ஹெட்ஃபோனுக்குத் தனி அவுட் இருக்காங்கறத தான். கூட்டத்துக்கு ஓடுற பாட்டு ஒண்ணு, அடுத்துப் போடப்போற பாட்ட உங்க காதுல மட்டும் கேக்கணும், லேப்டாப்ல இருக்குறதோ ஒரே ஒரு அவுட்டு. சவுண்டு கார்டு இல்லாத சின்ன மாடலுக்கு ஒரு ஒயர் குடுத்து இடது பக்கம் கூட்டத்துக்கு வலது பக்கம் உங்களுக்குன்னு பிரிச்சு விடுவாங்க, அது ஒப்பேத்துற வேலை. செகண்ட்ஸ்ல வாங்குனா ஜாக் வீல்ங்கற பெரிய வட்டத் தட்டு மேல லேசா வெரல வச்சா பாட்டு நிக்குதான்னும், சத்தத்த ஏத்தி எறக்குற ஃபேடர மெதுவா ஏத்தும்போது கரகரன்னு வருதான்னும் பாத்துட்டு காசக் குடுங்க. கலர் லைட்டப் பாத்து மயங்க வேணாம்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அண்ணா, நான் ரெண்டு பாட்டோட வேகத்தையும் மெஷினே சேத்துடுற சிங்க் பட்டன் போட்டு தான் மிக்ஸ் பண்றேன். கூடப் படிக்கிற பசங்க "இது ஏமாத்து வேலை, ஒரிஜினல் டிஜேன்னா காதுல கேட்டு தான் சேக்கணும்"னு கிண்டல் பண்றாங்க. இங்கிலீஷ் பாட்டெல்லாம் கரெக்டா உக்காருது, நம்ம குத்துப்பாட்டு போட்டா மட்டும் சிங்க்ல கூட குதிர மாதிரி தடதடன்னு ஓடுது. ஏன்?

கிண்டல் பண்றவங்கள விடும்மா, கேள்வியோட ரெண்டாவது பாதி தான் நல்ல கேள்வி.

சிங்க்ல பாவம் எதுவும் இல்ல. ரெண்டு பாட்டோட பீட்ட ஒண்ணாச் சேத்து நிறுத்தாம ஓட்டுறத 1960கள் கடைசில நியூயார்க் க்ளப்ல ஃப்ரான்சிஸ் கிராசோங்கறவர் பண்ண ஆரம்பிச்சாரு, அப்ப முழுசா காது தான். 1979ல டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2ங்கற ரெக்கார்டு பிளேயர் வந்துச்சு, அதுல ஒரு நீளமான ஸ்லைடர், வேகத்த 8% ஏத்தலாம் 8% எறக்கலாம், அதாவது நிமிஷத்துக்கு 125 பீட்டு ஓடுற பாட்ட 115லேர்ந்து 135 வரைக்கும் இழுக்கலாம், ஆனா வேகம் கூடுனா பாடுறவங்க குரலும் கீச்சுன்னு ஏறிக்கும். இப்ப கீ லாக் போட்டா குரல் அப்படியே நிக்குது. அத யாரும் ஏமாத்துன்னு சொல்றதில்ல, சிங்க மட்டும் சொல்றாங்க, கேட்டா பதில் இருக்காது.

இப்ப உன் குதிரைக்கு வருவோம். சாஃப்ட்வேர் பாட்டக் கேட்டு பீட்டு எங்கெங்க விழுதுன்னு கோடு போட்டு வச்சுக்குது, சிங்க் அந்தக் கோட்ட மட்டும் தான் நம்பும். க்ளப் பாட்டு எல்லாம் தகதிமி தகதிமின்னு நாலு நாலாப் போகும், மெஷின்ல செஞ்சது, நூல் புடிச்ச மாதிரி ஒரே வேகம். நம்ம டப்பாங்குத்து நெறைய தகிட தகிடன்னு மூணு மூணாப் போறது. அந்தச் சின்ன அடிய மூணு மூணா எண்ணாம ரெண்டு ரெண்டா எண்ணுனா கணக்கு ஒண்ணரை மடங்காயிடும், 100ல போற பாட்டுக்கு 150ன்னு காட்டும். நீ அதோட 150ல ஓடுற இங்கிலீஷ் பாட்டச் சேத்துட்டு நிக்கிற, தடதடக்காம என்ன செய்யும்.

கோட்ட 100க்கு நீயே மாத்திட்டேன்னா பெரிய அடி ரெண்டும் ஒண்ணா விழும், ஆனா நடுவுல இருக்குற சின்ன அடி ஒருத்தருக்கு மூணு இன்னொருத்தருக்கு நாலு, அது மோதத் தான் செய்யும். அதனால தகிடவையும் தகதிமியையும் ரொம்ப நேரம் சேத்து ஓட்டாத. வெளிய போற பாட்டுல ஈக்யூங்கற திருகுல மேல் சத்தத்தையும் நடு சத்தத்தையும் கொறச்சு வெறும் பேஸ் அடிய மட்டும் விட்டு, நாலு அடி போனதும் சட்டுன்னு வெட்டிட்டு உள்ள வந்துடு. இல்லன்னா தகிட பாட்டெல்லாம் ஒரு ஃபோல்டர்ல போட்டு வச்சு அதுக்குள்ளயே மாத்தி மாத்தி ஓட்டு, ஜனத்துக்கு அது தான் புடிக்கும்.

இன்னொரு தொல்லை 80கள் பாட்டு. ஸ்டுடியோல ஆளுங்க உக்காந்து வாசிச்சது, சரணம் வரும்போது உற்சாகத்துல வேகம் ஒரு பொட்டு கூடிடும், மொத அடில போட்ட கோடு கடைசில பாத்தா எங்கயோ நிக்கும். பாட்டு முழுக்க சரி பண்ண உக்காராத, எந்த எடத்துல அடுத்த பாட்டுக்கு மாறப் போறியோ அந்த எடத்துல ஒரு நாலு அடிய லூப் போட்டு, அதாவது திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதுக்கு மட்டும் கோட்ட சரி பண்ணு. நம்ம பாட்டு ஓட்டுற டிஜேவுக்கு காது வேணும்னு நான் சொல்றது இதுக்குத் தான், கவுரவத்துக்கு இல்ல. தொடையில தாளம் போட்டு எண்ணத் தெரிஞ்ச பொண்ணு மெஷின் தப்பா சொல்றத அஞ்சு செகண்டுல புடிச்சிடும். உன்னக் கிண்டல் பண்ற பசங்க கிட்ட ஒரு தகிட பாட்டக் குடுத்து சேக்கச் சொல்லிப் பாரேன்.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு வாசகர்: டிஜேன்னு சொன்னாலே எங்க அப்பா "க்ளப்பு, குடி, கூத்து"ன்னு ஆரம்பிச்சிடுறார். என்ன பதில் சொல்றது?

உங்க அப்பாவுக்கு ரெண்டு எடத்தச் சொல்லுங்க. 1970ல நியூயார்க்ல டேவிட் மன்குசோ தன் வீட்லயே தெரிஞ்சவங்களக் கூப்பிட்டு விடிய விடிய பாட்டுப் போட்டாரு, அங்க சாராய விற்பனை கெடையாது. அதே ஊர்ல பாரடைஸ் கராஜ்னு 1977லேர்ந்து 87 வரைக்கும் ஓடுன க்ளப்பு, லேரி லெவன் தான் டிஜே, அங்கயும் மது விக்கல. டிஜே உலகமே இன்னைக்கும் கும்பிடுற எடம் அது. வந்தவங்க சவுண்டுக்காகவும் ஆடுறதுக்காகவும் வந்தாங்க, வெளிய மதிப்பில்லாத கறுப்பின மக்கள், தன்பாலின ஈர்ப்பு உள்ளவங்க நெறைய பேருக்கு நிம்மதியா நிக்க கெடச்ச எடம். மத்த போதை எதுவுமே இல்லன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், அத அப்பாகிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்.

ஹிப்ஹாப் ஆரம்பமும் பாருங்க, 1973 ஆகஸ்ட் 11, பிராங்க்ஸ்ல கூல் ஹெர்க் பாட்டுப் போட்டது அவரோட தங்கச்சி வச்ச பார்ட்டில, அபார்ட்மெண்ட்ல எல்லாருக்கும் பொதுவா இருந்த ஒரு ரூம்ல. ஜமைக்காலேர்ந்து போனவர், அந்த ஊர்ல தெருவுல பெரிய பெரிய பாக்ஸ அடுக்கி பாட்டுப் போடுற வழக்கம் உண்டு. நம்ம ஊர் ரேடியோ செட்டுக்காரர் பந்தல்ல செய்றதும் அதே தான். அப்பாவ இந்த வழியில கூட்டிட்டுப் போங்க, அவர் காலத்துல குழாய் கட்டுனவர் பேரச் சொல்லி கதை ஆரம்பிச்சிடுவாரு.

மண்டபம் ஊரிலிருந்து ஒருவர்: கல்யாண ரிசப்ஷன்ல ராத்திரி எத்தன மணி வரைக்கும் போடலாம்?

2000ல வந்த ஒலி மாசு விதிப்படி திறந்த வெளில 10 மணிக்கு ஆஃப் பண்ணணும், காலைல 6 வரைக்கும் ஆன் பண்ணக் கூடாது. பகல்ல போடவும் எழுத்துல அனுமதி வேணும். வருஷத்துல சில திருவிழா நாளுக்கு 12 மணி வரைக்கும் அரசாங்கம் விடலாம், மாப்பிள்ளை வீட்டு மாமா விட முடியாது.

பாம்பனிலிருந்து ஒரு தம்பி: வாங்கி ஒரு வருஷம் ஆகல, ஃபேடர தொட்டா கரகரன்னு சத்தம், யூஎஸ்பி அப்பப்ப கட்டாகுது. மட்டமான பொருளா?

பொருள் மேல தப்பு இல்ல, உங்க ஊர் காத்து. 1914ல தெறந்த ரயில் பாலத்தையே அரிச்சு 2022 டிசம்பரோட ரயில நிறுத்த வச்சு, 2025ல பக்கத்துல புதுப் பாலம் தெறக்குற அளவுக்குக் கொண்டு வந்த உப்புக்காத்து, உங்க ஃபேடருக்குள்ள இருக்குற மெல்லிசுத் தடத்தையா விட்டு வைக்கும். ஃபங்ஷன் முடிஞ்சதும் காஞ்ச துணியால தொடச்சு, மூடி இறுக்கமா இருக்குற பெட்டில சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வையுங்க. ஏசி கார்லேர்ந்து எறக்கி நேரா கடற்கரைல ஆன் பண்ணாதீங்க, உள்ள பனி மாதிரி ஈரம் புடிச்சிருக்கும், கொஞ்ச நேரம் தெறந்து வச்சு ஆற விடுங்க. கரகரப்புக்கு ஃபேடருக்குன்னே விக்கிற க்ளீனர் தான் அடிக்கணும், செயினுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே அடிச்சா தூசியெல்லாம் சேந்து களியாயிடும்.

தொண்டியிலிருந்து ஒருவர்: ஜெனரேட்டர்ல ஓட்டும்போது ஸ்பீக்கர்ல ம்ம்ம்ம்னு ஒரே இரைச்சல். சவுண்டு சர்வீஸ்காரர் என் மேல பழி போடுறார், நான் அவர் மேல போடுறேன்.

லேப்டாப் சார்ஜர கழட்டிப் பாருங்க. இரைச்சல் நின்னா பஞ்சாயத்து முடிஞ்சது, சார்ஜர் எர்த்தும் ஆம்ப்ளிஃபையர் எர்த்தும் சுத்திக்கிட்டு நிக்குது, நடுவுல அந்தத் தொடர்பப் பிரிச்சு விடுற ஒரு ஐசொலேட்டரோ டிஐ பாக்ஸோ போட்டா போயிடும். நிக்கலன்னா ஒயரப் பாருங்க, சிவப்பு வெள்ளை ஆர்சிஏ ஒயர பந்தல் நீளத்துக்கு இழுத்தா இரைச்சல புடிச்சுக்கிட்டு தான் வரும், தூரம் போகணும்னா மூணு முள்ளு எக்ஸ்எல்ஆர் அவுட் இருக்குற மாடல்ல அதுலேர்ந்து எடுங்க. சில பேரு பிளக்குல எர்த் பின்ன ஒடச்சு விட்டு சரி பண்ணிட்டேன்னு சொல்லுவாங்க, ஈர மணல்ல வெறுங்காலோட நிக்கிற ஊர்ல அந்த வேலை வேணவே வேணாம்.

அவர் உங்ககிட்டேர்ந்து ஒரு பக்கம் மட்டும் ஒயர் எடுத்தாரான்னும் கேளுங்க. பந்தல் செட்டு நெறைய மோனோ தான், எல்லா ஸ்பீக்கர்லயும் ஒரே சத்தம் தான் வரும், பழைய பாட்டுல வயலின் ஒரு பக்கம் தபேலா ஒரு பக்கம் இருக்கும், பாதி பாட்டு காணாமப் போயிடும். செட்டிங்ஸ்ல மாஸ்டர மோனோவா மாத்திட்டுக் குடுங்க. அப்பறம் மீட்டர்ல செவப்பு எரியாமப் பாத்துக்குங்க, சத்தம் பத்தலன்னா அவர ஏத்தச் சொல்லுங்க, நீங்க ஏத்தாதீங்க. ஸ்பீக்கர்ல மேல் சத்தம் போடுற ஹார்ன் டிரைவர் போச்சுன்னா அந்த பில்லு யாருக்குங்கறதுல எந்த ஐசொலேட்டரும் உதவாது.